கை வடிவா விழுந்திருக்கு

பாடசாலைக்குப் பதினொரு கமரா வந்தது.
ஒன்றின் மூடியை ரப்பர் வளையத்தால் கட்டியிருந்தார்கள்.
அது எனக்கு.

'நகரத்து இளையோர் என்ன சாப்பிடுகிறார்கள்?'
கிளிநொச்சியை நகரம் என்று
அந்தக் கடிதத்தில்தான் முதலில் கண்டோம்.
"மாடு குறுக்கே படுக்கிற நகரம்" என்றான் கபிஷன்.

ஒரு கிழமை. ஆளுக்கு இருபது படம்.
யதுசிகா தன் வீட்டில் ஒருநாளும் சமைக்காத
வல்லாரையை வாங்கித் தண்ணி தெளித்து
வெயிலுக்குச் சரித்து எடுத்தாள்,
பிறகு ஆட்டுக்குப் போட்டாளாம்.
கபிஷனின் ஒற்றைப் பப்பாசிப்பழம்
மேசைமேசையாய் நடந்து
ஐந்து பேரின் மதியச் சாப்பாடானது.

எனக்கு ரியூசன்.
இரண்டரைக்குக் கணிதம், நாலரைக்கு விஞ்ஞானம்.
நடுவில் பதினைந்து நிமிடம்.
அதற்குள் ஓடி வாங்கித் தின்னக்கூடியது
வேலும்மயிலும் அண்ணையின் வண்டியில் இருப்பதுதான்.
ரோல்ஸ்.
யாரோ ஒருவரின் பத்தாம் ஆண்டு வரலாற்றுத் தாளில் சுற்றி,
தாளில் ஆண்டுகள் எண்ணெயில் ஊறி.

புதன்கிழமை அந்த எண்ணெயை எடுத்தேன்,
கிட்டப் போய், குனிந்து.
உருகிய தார்போல் கறுப்பு,
அதில் கொஞ்சம் வானம்,
மேலே புரட்டுகிற கை.
"எடு பிள்ளை, வடிவா எடு" என்று
தலைமயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.
முகம் வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.
முகத்தை வெட்டினேன்.

முதலாம் இடம்.
ஆள் உயரத்துக்குப் பெருப்பித்து
டிப்போச் சந்தியில் கட்டினார்கள்.
கீழே சிவப்பில்:
'உன் இதயத்துக்கு இதையா கொடுக்கிறாய்?'

நான் வெட்டிய முகம் ஒருவருக்கும் தேவைப்படவில்லை.
கையில் மூன்று விரல்.
பஸ் கொண்டக்டருக்குத் தெரியும் அந்தக் கையை,
வங்கியில் படிவம் நிரப்பிக் கொடுக்கிற பிள்ளைக்கும் தெரியும்.
மற்ற இரண்டும் எங்கே போனதென்று
இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

அடுத்தநாள் வண்டி இல்லை.
அதற்கடுத்தநாளும்.
தண்ணீர் குடித்துவிட்டு விஞ்ஞானத்துக்குப் போனோம்.
பாடம், சமிபாடு.
என் வயிறு போட்ட சத்தத்துக்குப்
பின்வாங்குவரை சிரித்தது.
வண்டி நின்ற இடத்தில் எண்ணெய் ஊறிய ஒரு வட்டம்.
அதையும் எடுத்தேன்.
அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

படம் பொய் இல்லை. அதுதான் கரைச்சல்.
எண்ணெய் கறுப்புத்தான்.
யதுசிகாவின் அப்பா நாற்பத்திநாலு வயதில்
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததும் உண்மைதான்.
ஆனால் படத்துக்குள் விலை விழவில்லை,
பதினைந்து நிமிடம் விழவில்லை,
ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து
அம்மா இறங்குகிற ஏழரை மணி விழவில்லை.

பன்னிரண்டாம் நாள் வண்டி வந்தது.
புது எண்ணெய்.
போத்தலின் லேபல் றோட்டைப் பார்க்க வைத்திருந்தார்.
ரோல்ஸ் முப்பது ரூபா கூட, ஒரு கடி குறைய.
பக்கத்துச் சட்டியில் அவித்த கடலை,
தேங்காய்ச் சொட்டுப் போட்டு,
யாரும் தொடாமல்.

நான் நின்றேன்.
வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது
தொண்டையோடு நின்றது.
"உன்ர படம்தானே?"
தலையாட்டினேன்.
"கை வடிவா விழுந்திருக்கு."
பகிடியா, கோபமா,
இன்னும் எனக்குத் தெரியாது.

கடலை கேட்டேன்.
வரலாற்றைச் சுருளாய்ச் சுருட்டி
மூன்று விரலால் அள்ளி நிரப்பினார்.
உப்புக் கூட.
சொல்லவில்லை, தின்றேன்.

கமராக்களைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள்.
படம் சந்தியில்தான் தொங்குகிறது.
வைகாசி வெயில் முதலில் சிவப்பு எழுத்தைத் தின்றது,
பிறகு கறுப்பை.
இப்போது யாழ்ப்பாண பஸ்ஸிலிருந்து பார்க்கிற ஆளுக்கு
யாரோ ஒருவரின் கை
தேனுக்குள் எதையோ தேடுவது மாதிரி இருக்கும்.